கல்வெட்டுக்குள் புகுந்த கோமகன்

நான் மாதாமாதம் வெட்டிவிட்ட அந்தத் தலைக்குச் சொந்தக்காரரான என்ர அருமை அத்தானுக்கு,

சுகமாய் இருக்கிறியளோ என்று எழுதப் போனன், பிறகு நிப்பாட்டிப்போட்டன். செத்த மனிசனிட்டயும் பகிடியோ என்று அக்கா பேசுவா. நாங்கள் நார்த்மீட்டில சுகம். உங்கட கதிரையில அக்கா ஒருத்தரையும் இருக்க விடுகிறா இல்லை, தானும் இருக்கிறா இல்லை. எலுமிச்சை மரம் நீங்கள் போன பிறகுதான் காய்க்கத் தொடங்கினது. இவ்வளவு காலமும் அத்தான் தண்ணி ஊத்தியே அதை அமுக்கி வைச்சிருந்தவர் என்று சொன்னன். அக்கா ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை.

இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் தனித்தாளில அடிச்சு, உங்கட நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்குள்ள செருகி எல்லாருக்கும் குடுக்கச் சொல்லி அக்காவின்ர கட்டளை. ஊர் முழுக்க வாசிக்கும். வாசிக்கட்டும். பிழை விட்டவன் நான்.

வாற ஞாயிறு உங்கட முதல் வருச ஆட்டத்திவசம். எங்கட வழக்கப்படி ஒரு கல்வெட்டுப் புத்தகம் அடிப்பிச்சம். முன்னுக்கு உங்கட படம், நடுவில தேவாரமும் உங்கட வாழ்க்கை வரலாறும், கடைசிப் பக்கத்தில வம்சாவளி. எழுதினது மற்ற ஆக்கள். தாள்களைச் சேர்த்துப் பரமட்டாவில இருக்கிற அச்சுக்காரரிட்டக் குடுக்கிற வேலைதான் எனக்கு. அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதை நம்பிக் குடுத்தினம் பாருங்கோ.

வம்சாவளியை உங்கட மேசை லாச்சிக்குள்ள தேடினன். ஒரு தாளில பெட்டி பெட்டியாய்க் கீறி, கோடு இழுத்து, உங்கட முத்து முத்தான கையெழுத்து. மூத்த மகனின்ர பெட்டிக்குப் பக்கத்தில 'முக்கால்' என்று எழுதியிருந்தது. முக்கால் என்றால் உங்கட மூத்தவன் றமணன்தானே! மேல கீழ பார்க்காமல் உறைக்குள்ள வைச்சன். அச்சுக்காரர் லெபனான்காரன். தமிழ் எழுத்து அவருக்குப் பூ வேலை மாதிரி. தாளைப் படம் பிடிச்சு அப்பிடியே அடிச்சுத் தந்திட்டார்.

வெளியூர் ஆக்களுக்கு முதலே தபாலில அனுப்பினம். பக்கத்தில வெஸ்ட்மீட்டுக்கு நான் கையில கொண்டுபோய்க் குடுத்தன். அண்டைக்கே பொன்னு அன்ரி ரெலிபோன் எடுத்தா.

"தம்பி, இந்த மற்றில்டா எந்த ஊர்ப் பொம்பிளை?"

"எந்த மற்றில்டா, அன்ரி?"

"உங்கட அத்தான் கனகசிங்கத்தின்ர வம்சாவளியில நிக்கிறாளே, வில்லியத்தின்ர பெண்சாதி. நீங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எண்டு இவ்வளவு நாளும் ஒரு சொல்லுச் சொன்னனீங்களோ? நான் வெள்ளிக்கிழமை எண்டு உங்களுக்கு மரக்கறி மட்டும் சமைச்சுத் தந்தனான்!"

புத்தகத்தைத் திறந்து அப்பதான் ஒவ்வொரு எழுத்தாய் வாசிச்சன். வில்லியம். மற்றில்டா. றொபேட். நீங்கள் ஒரு இடத்திலயும் இல்லை, அத்தான். உங்கட கல்வெட்டில உங்களைத் தவிர முழு நோர்மன்டி அரச குடும்பமும் இருக்கு.

அதுக்குப் பிறகு மூன்று நாள் ரெலிபோன் ஓயேல்லை. ஒரு கிழவர் தனக்கு வில்லியத்தை நல்லாய்த் தெரியும், அரசாங்கக் கச்சேரியில தன்னோட கிளறிக்கல் வேலை செய்தவர் என்று சத்தியம் பண்ணினார். ஐயர் மெதுவாய்க் கேட்டார், "திவசத்துக்குக் கோத்திரம் என்ன எண்டு சொல்ல?" அக்கா என்னைப் பார்த்த பார்வையில நான் குசினிக்குள்ள போய்க் கோப்பை கழுவினன். நான் வேலை செய்யிற ஆஸ்பத்திரிக் குசினியில கூட அவ்வளவு கழுவியிருக்க மாட்டன்.

இந்தக் கோமகன் எங்கயிருந்து வந்தவர் என்று வாசிக்கிற ஆக்களுக்குச் சொல்லவேணும். உங்கட கடைக்குட்டி வாணிக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு புரொஜெக்ட் குடுத்தவை, தொள்ளாயிரம் வருசத்துக்கு முந்தின நோர்மன்டிக் கோமகன் றொபேட்டைப் பற்றி. "அப்பா, இட்ஸ் டியூ மண்டே" என்று அவள் அழ, நீங்கள் லைப்ரரியில புத்தகம் எடுத்தீங்கள். அவள் திங்கட்கிழமை குடுத்து முடிச்சாள். நீங்கள் முடிக்கேல்லை. பின்வளவில உங்கட தலையை வெட்டேக்க மாதத்துக்கு ஒரு துண்டாய் எனக்குச் சொன்னீங்கள். கத்தரிக்கோல் என்ர கையில, வாய் உங்கட கையில.

தகப்பன் வில்லியம் இங்கிலாந்தைப் பிடிச்ச வீரன். அவரைப் பெத்தவ தோல் பதனிடுகிறவரின்ர மகளாம். ஒரு பட்டணத்தில சனம் மதிலில தோலைத் தொங்கவிட்டு அவரைப் பகிடி பண்ணினதாம். அவர் பிடிச்ச ஆக்களின்ர கையையும் காலையும் வெட்டுவிச்சவர். தன்னைப் பகிடி பண்ணினால் அப்பிடிச் சுடுகிற மனிசன், தன்ர மூத்த மகன் றொபேட் கட்டை என்று ஒரு பட்டப்பேர் வைச்சுக் கூப்பிட்டுச் சிரிச்சாராம். கட்டைச் சப்பாத்து என்கிற மாதிரி ஏதோ. நான் சிரிச்சன். நீங்கள் சிரிக்கேல்லை.

ஒருநாள் தம்பிமார் ரெண்டு பேரும் மேல்மாடியில நின்று றொபேட்டின்ர தலையில தண்ணி ஊத்தியிருக்கினம்.

"தகப்பன் என்ன செய்தவர்?" என்று கேட்டன்.

"ஒண்டும் செய்யேல்லை, மச்சான்."

சொல்லிக்கொண்டு தலையை ஆட்டினீங்கள். காதில ஒரு சின்ன வெட்டு. அது என்ர பிழை இல்லை.

அதோட றொபேட் கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டான். தாய் மற்றில்டா புருசனுக்குத் தெரியாமல் மகனுக்கு வெள்ளி அனுப்பினாவாம். அக்காவும் கோவிச்சுக்கொண்டு மெல்பேர்னுக்குப் போன றமணனுக்குப் பயித்தம் பணியாரம் அனுப்பினா. அதைத் தபாலில போட்டது நான், என்னைத் தபால் கந்தோருக்குக் காரில ஏற்றிக்கொண்டு போனது நீங்கள். பெட்டியில என்ன இருக்கு என்று ஒருநாளும் கேட்கேல்லையே, ஏன்?

பிறகு தகப்பனும் மகனும் சண்டைக்களத்தில சந்திச்சு, மகன் ஆளைத் தெரியாமல் தகப்பனைக் குதிரையில இருந்து விழுத்தினானாம். குரலைக் கேட்டுத்தான் அப்பா என்று தெரிஞ்சுதாம். தன்ர குதிரையைக் குடுத்து அனுப்பினானாம். தகப்பன் சாகேக்க மகன் பக்கத்தில இல்லை. என்றாலும் நோர்மன்டி அவனுக்குத்தான் போனது. கடைசியில சொந்தத் தம்பியே அவனைப் பிடிச்சு அடைச்சு, கிழவனாகிச் சாகும் வரைக்கும் விடேல்லை. "என்ன குடும்பமப்பா!" என்று சொன்னன். "எல்லாம் ஒரு பட்டப்பேரில தொடங்கினது" என்று சொன்னீங்கள்.

முக்கால் என்ற பேர் ஆர் வைச்சது, அத்தான்? எண்பத்து நாலில நீங்கள் வந்து இறங்கேக்க றமணனுக்குப் பன்னிரண்டு வயது. எயார்போட்டில கண்ட உடனே நான் கேட்டன், "முக்கால்வாசிப் பெடியன்தான் வந்திருக்கிறான், மிச்சத்தைக் கொழும்பில விட்டிட்டியளோ?" எல்லாரும் சிரிச்சம். அவனும் சிரிச்சான். அதுதான் எங்களை ஏமாத்தினது.

பிறகு அவன் விரும்பின பிள்ளையின்ர தாய் தகப்பன் மெல்பேர்னில இருந்து வந்த நாள். மலேசியாத் தமிழர், தங்கமான சனம். வடையும் ரீயும் குடுத்துக்கொண்டு நீங்கள் சொன்னீங்கள், "எங்கட முக்காலுக்கு ஒரு முழுப் பொம்பிளை கிடைச்சிட்டாள்."

"முக்காலா? அப்படின்னா என்னங்க?" என்று அந்த மனிசன் கேட்டார். நான் எழும்பி நின்று கையால உயரம் காட்டி விளங்கப்படுத்தினன்.

றமணன் ரீக் கோப்பையை வைச்சான். அவையளோடயே மெல்பேர்ன் போனான். கலியாணத்தை அங்க வைச்சான். உங்கட செத்தவீட்டுக்கு வந்து கொள்ளி வைச்சான், ஒருத்தரோடயும் கதைக்காமல் போனான். ஆட்டத்திவசத்தையும் அங்கயே கோயிலில செய்யிறன் என்று தாய்க்குச் சொல்லிப்போட்டான். அக்கா உங்கட கதிரையை ஒவ்வொரு நாளும் துடைக்கிறா.

அவனுக்கும் ஒரு கல்வெட்டுப் போனது. போன வியாழன் பின்னேரம் ரெலிபோன் அடிச்சுது. இன்னொரு மற்றில்டா விசாரணை என்று நினைச்சு எடுத்தன்.

"மாமா."

மூன்று வருசம் கேட்காத குரல்.

"மாமா, இந்த மற்றில்டா எனக்கு என்ன முறை? அப்பம்மாவோ?"

"உனக்கும் பகிடியோடா!"

"அடியில சின்ன எழுத்தில கிடக்கிறதை வாசிச்சனீங்களோ?"

எங்க வாசிக்கிறது? மேல இருக்கிறதே எனக்கு மூன்று நாள் எடுத்தது. அவனே வாசிச்சுக் காட்டினான். வளர்ந்த பிள்ளை, தமிழைத் தடக்கித் தடக்கி:

'பேர் வைச்சவன் ஆராயிருந்தாலும், சபையில கூப்பிட்டுச் சிரிச்சது தகப்பன். பிழை முழுக்கத் தகப்பனில. நேர சொல்லியிருக்கலாம். வாய் வரேல்லை.'

"வாணியின்ர புரொஜெக்டுக்கு எழுதினதாக்கும்" என்று சொன்னன். எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்?

"கீழ திகதி போட்டிருக்கு, மாமா. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் கிழமை. வாணி அதைக் குடுத்து ஒரு வருசத்துக்குப் பிறகு."

நான் கல்வெட்டைத் திறந்து அந்தத் திகதியை விரலால தேடினன்.

சரித்திரத்தில பேர் வைச்சது தகப்பன்தான் என்று வாணி சொல்லுறாள். அப்ப அந்த 'ஆராயிருந்தாலும்' நான்தானே, அத்தான்? காதில வெட்டுப்பட்ட நாளிலயாவது என்னைப் பேசியிருக்கலாமே?

"றமணன், என்னில பிழையடா" என்று சொன்னன். எனக்கு வாய் வந்திட்டுது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னன்.

"சரி மாமா. புத்தகத்தைத் திருப்பி அடிக்காதேங்கோ. அது அப்பிடியே இருக்கட்டும். நாங்கள் ஞாயிறு வாறம். மூண்டு பேர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, மூண்டாவது ஆள் பிறக்க இன்னும் ரெண்டு மாதம் கிடக்கு. ஆனால் ஒரு கண்டிசன். பிள்ளையைப் பாத்த உடன நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

அதாலதான் பொன்னு அன்ரி, புதுப் புத்தகம் வராது. மற்றில்டா நிரந்தரமாய் எங்கட ஆள். ஐயருக்குக் கோத்திரத்தை அக்கா சொல்லிப்போட்டா.

ஞாயிற்றுக்கிழமை உங்கட கதிரையில றமணன் இருப்பான். அக்காதான் சொன்னவ. தலைமயிர் வளர்ந்திருந்தால் வெட்டிவிடுவன், வாயை மூடிக்கொண்டு. இது உங்கட படத்துக்கு முன்னால வைக்கிற சத்தியம்: வாற பிள்ளை கட்டையோ நெட்டையோ, மொட்டையோ சுருட்டையோ, உங்கட மூக்கோடயே பிறந்தாலும், தாய் தகப்பன் வைக்கிற பேரைத் தவிர வேற பேர் என்ர வாயால வராது. எனக்கு இது எவ்வளவு கரைச்சல் என்று உங்களுக்குத் தெரியும். மேல இருந்து கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ.

உங்கட மனிசியின்ர தம்பி, றமணனின்ர தாய்மாமன், அந்த 'ஆராயிருந்தாலும்',
சின்னராசா