எதிர்மேட்டுக் குரல்

ஐப்பசி, வியாழன்.

தூக்கம் வரவில்லை. ஆவணியில் செல்லம்மாள் ராகிக் காட்டில் களையெடுத்தபடி பாடியதை என் நாட்டுப்பாடல் சேகரிப்புக்காகப் பதிவு செய்திருந்தேன். காற்று, நாய், தூரத்துச் சத்தம் எல்லாவற்றையும் நீக்கி, இன்று அவர் வீட்டில் போட்டுக் காட்டினேன். நான் செய்ததிலேயே சிறந்த பதிவு என்று பெருமையாக வேறு சொன்னேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏனுங்க, பழனியம்மா எங்கீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"நான் ஒரு அடி பாடுனா, எதிர்மேட்டுக் காட்டுல இருந்து அவ மறு அடி பாடுவா. ரெண்டும் சேந்தாத்தானுங்க பாட்டு."

யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் துடைத்தது அந்தக் குரலைத்தான். நடுவில் இருந்த மௌனங்களையும் வெட்டிவிட்டேன். மூலப் பதிவு இல்லை. அடுத்த ஊருக்குப் போகும் அவசரத்தில் மெமரி கார்டை அழித்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"சரிங்க. நாளைக்கு அவளையும் வரச் சொல்றேன். அவ கொரலை அவ கேட்டதே இல்லீங்க."

இப்போது மறுபடியும் கேட்டேன். சிறு இரைச்சல்கூட இல்லை. ஒவ்வோர் அடி முடிந்ததும், செல்லம்மாள் யாருக்காகவும் காத்திராமல் அடுத்த அடியைப் பாடுகிறார்.