அடி கறுத்த தக்காளி

1987 பிப்ரவரி 3, செவ்வாய்

மொட்டைமாடியில் என் மனைவி கிளியம்மாள் வைத்த தக்காளிச் செடி காய்த்துவிட்டது. பழைய பெயிண்ட் டின், ஒரு கூடை செம்மண், அவ்வளவுதான். போன வாரம் மஞ்சள் பூ இருந்த இடத்தில் இன்று மிளகளவு காய். நாற்பத்தாறு வயதில் இப்போதுதான் இதை நின்று பார்க்கிறேன். மேலெல்லாம் சிலிர்க்கிறது.

பிப்ரவரி 15

எலுமிச்சை அளவு ஆகிவிட்டன. துணி உலர்த்த வந்த பக்கத்துப் போர்ஷன் பியூலா, "டின்னுல இவ்ளோ காயாக்கா? கண்ணே பட்டுடும் போலருக்கு" என்றாள். புருஷன் துபாயில். பேச்சுத் துணைக்குக் கிளியம்மாளை விட்டால் அவளுக்கு ஆளில்லை.

பிப்ரவரி 22

எல்லாக் காயும் அடியில் கறுத்துக் குழிந்துவிட்டன. புழு இல்லை. மேலே பச்சைப்பசேல், திருப்பினால் செருப்புத் தோல்.

"அவ கண்ணுதான்" என்றாள் கிளி. குரோம்பேட்டை போய்ப் படிகாரக் கல் வாங்கிவந்து, கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். பியூலாவோடு பேச்சு நின்றது. "பைத்தியமா உனக்கு?" என்றேன். என்னோடும் நின்றது.

மார்ச் 1

பியூலா மீன் குழம்போடு வந்து கதவைத் தட்டினாள். கிளி திறக்கவில்லை. நானாவது எழுந்து போயிருக்கலாம் — ஏன் போகவில்லை?

மார்ச் 4

செங்கல்பட்டில் மச்சான் மகளுக்குக் காதுகுத்து. பத்து நாள் இருக்க வேண்டும். செடி காய்ந்துதான் போகும்.

மார்ச் 15

காயவில்லை! அழுகிய காய்களை யாரோ பறித்தெறிந்திருந்தார்கள். மண்மேல் தேங்காய் நார். விரலை விட்டால் ஈரம். புதுக்காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒரு புள்ளி இல்லை.

பியூலா படியோரம் நின்றாள். "காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு ஊத்தினேண்ணா. அக்கா எங்கிட்டதான் பேசறதில்ல. செடி என்ன பண்ணிச்சு?"

அப்புறம்தான் உறைத்தது. கிணறு வற்றி, மோட்டார் ஓடுவது வாரத்தில் இரண்டு நாள். அன்றைக்கெல்லாம் கிளி வாளி வாளியாகக் கொட்டுவாள். மற்ற நாளில் டின்னில் மண் வெடித்துக் கிடக்கும். ஒரு நாள் விருந்து, மூன்று நாள் பட்டினி என்றால் அடி கறுக்காமல் காய் என்ன செய்யும்? பியூலா ஊற்றியதோ, தான் குடிக்கப் பிடித்துவைத்த குடத்திலிருந்து.

கிளியிடம் சொன்னேன்.

மார்ச் 16

காலையில் படிகாரக் கல்லைக் காணோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பழுத்துவிட்டது. நாங்கள் கொடுத்தது மண்ணும் தண்ணீரும். இந்தச் சிவப்பை அது எங்கிருந்து எடுத்தது? எனக்குத் தெரியவில்லை, தெரியாமலே இருக்கட்டும்.

கிளி பழத்தைப் பறிக்கவில்லை. கீழே போய், பியூலாவைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துவந்தாள்.

"நல்லா கண்ணு வெச்சுப் பாரு, பியூலா. தெனம் வந்து பாரு."