இரண்டு சென்சார், ஓர் அறை

மார்ச் 4, சனி

வாலுவின் அப்பாவுக்கு,

நலம் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையாகிறது, எழுத்திலேயே இருக்கட்டும் என்றார் வக்கீல்.

நுண்தூசி அறுபதைத் தாண்டினால் மகளை உங்கள் வீட்டில் தங்கவிடுவதில்லை என்று இருவரும் கையெழுத்துப் போட்டோம். அவளுக்கு வீசிங். நேற்று மாலை ஆறு மணிக்கு, நான் உங்கள் வீட்டில் மாட்டிய காற்றுத்தர சென்சார் என் போனுக்கு அனுப்பிய எண் நூற்றுத் தொண்ணூறு. போன வெள்ளியும் இதே கதை. சிகரெட்டை நீங்கள் விடவில்லை. இந்த வாரம் அவள் வரமாட்டாள்.

வாலுவின் அம்மா

மார்ச் 7

மேடத்துக்கு வணக்கம்.

சிகரெட்டை விட்டு ஒன்றரை வருடம். மகள் வருகிறாளே என்று வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து ஓடிவந்து பெருக்கி, மெத்தையைத் தட்டி, ஒட்டடை அடித்து, இடுப்பு ஒடிந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ சிவப்பு விளக்கு காட்டுகிறாய்!

புது சென்சாரைப் பழையதன் பக்கத்தில் ஒருநாள் வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டோம் என்று காற்று மாசை அளக்கும் உன் ஆபீஸ் பெருமையை எத்தனை தடவை பேசியிருக்கிறாய்? எனக்கு மாட்டியதை அப்படிப் பார்த்தாயா? கழற்றி பார்சலில் அனுப்பிவிட்டேன். வைத்துப் பார்.

அப்பா

மார்ச் 13

பார்சல் கிடைத்தது. வைத்துப் பார்த்தேன். சென்சாரில் கோளாறு இல்லை. அதனால் இந்த வாரமும் வேண்டாம்.

வேலை அதிகம். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அம்மா

மார்ச் 27

வாலுவின் அம்மாவுக்கு,

நாலு சனிக்கிழமை போயிற்று. பொறுக்கமுடியாமல் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன். டீச்சர் சொன்னார்: “கிளாஸ்ல இருமிக்கிட்டே இருக்கா சார். கொஞ்சம் பாருங்க.”

என் வீட்டு வாசலை மிதித்தே ஒரு மாதம் ஆனவள் ஏன் இருமுகிறாள்? சென்சாரில் கோளாறு இல்லை என்று எழுதினாய். என்ன எண் வந்தது என்று எழுதவே இல்லையே. எங்கே வைத்துப் பார்த்தாய்?

அப்பா

மார்ச் 30

உங்களுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

பத்தாம் தேதி உங்கள் சென்சாரையும் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழையதையும் வாலு தூங்கும் அறையில், ஒரே மேஜையில் வைத்தேன். இரண்டும் சொல்லிவைத்தாற்போல நூற்று நாற்பது காட்டின. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். நேர் கீழே எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் புகைக்குழாய். இங்கே தினமும் கரண்ட் போகிறது. அந்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டவள் நான்தான்.

உங்கள் வீட்டுப் பழைய எண்களையும் பார்த்தேன். வெள்ளி ஆறு மணிக்கு ஏறி ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. மற்ற நாளெல்லாம் இருபது, முப்பது. துடைப்பத்தின் தூசிதான். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை.

உங்களிடம் அனுப்பினால் திரும்பி வரமாட்டாள் என்று பயந்தேன். எண் என் போனுக்கு மட்டும்தான் வருகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று இருபது நாள் வாயைத் திறக்கவில்லை. கட்டிலை மட்டும் ஹாலுக்கு மாற்றினேன். அங்கும் தொண்ணூறு.

நேற்று கேட்டாள்: “அப்பா வீடு இன்னும் அழுக்காவேதான் இருக்காம்மா?” ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை மருந்து, உடுப்பு, புத்தகப்பை எல்லாவற்றோடும் அனுப்புகிறேன். வேறு வீடு கிடைக்கும்வரை உங்களிடம் இருக்கட்டும். என்னைத் திட்டுங்கள். அவள் எதிரில் வேண்டாம்.

நான்

ஏப்ரல் 4

வாலு நலம். மூன்று நாளாக இருமல் இல்லை.

உன்னை ஜெயித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட நினைத்தேன். வரவில்லை. நீ சும்மா இருந்த இருபது நாளும் என் மகள் அந்தப் புகையை இழுத்திருக்கிறாள். இதை நான் மன்னிக்கப்போவதில்லை, பொய் சொல்ல வரவில்லை எனக்கு. நீ பார்க்கும் புது வீட்டிலும் சென்சார் மாட்டு. எண் இரண்டு பேர் போனுக்கும் வரவேண்டும்.

வந்த அன்றே கேட்டாள்: “இப்ப அம்மா வீடு அழுக்காயிடுச்சாப்பா?”

“இல்லடா, அங்க பெயின்ட் அடிக்கிறாங்க” என்றேன். உன்னிடமும் கேட்பாள். நீயும் அதையே சொல்.

அப்பா