இடும்பன் பூசைக்கு மறுநாள்

பண்டார் பாரு
24.2.2025

அன்பு சுந்தரிக்கு,

நீ நல்லா இருக்கணும். போன்ல உன் குரலைக் கேட்டா எனக்குப் பேச வராது, அதான் கடுதாசி. சொல்லாம கிளம்பி வந்ததுக்குக் கோவிச்சுக்காதே. இங்க எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏத்துற லாரி ஓட்ட ஆள் கேட்டாங்க, ஏறிட்டேன்.

கிளினிக் ரிசல்ட்டை நீ வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள பார்த்துட்டேன். அலமாரியில இருக்கு. விந்தணு நூத்துக்கு நாப்பதாவது அசையணுமாம். எனக்குப் பதினெட்டு. பெயில். இத்தனை வருசமா அம்மா உன்னை ஏசினதெல்லாம் என்னைச் சேர வேண்டியது. உனக்கு இன்னும் வயசு இருக்கு. வேற கல்யாணம் பண்ணிக்கோ, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.

விடியக்காலையில ஆத்துப் பனி ரோட்டை மூடிடுது. லாரி ஓடுதா நிக்குதான்னே தெரியாது. அப்போ பக்கத்து சீட்டுல ஒரு சின்னப் பொண்ணு உட்கார்ந்திருக்கு. பேர் கேட்டா சன்னல் பக்கம் திரும்பிக்கும். பனி வெலகினா சீட்டு காலி.

சாப்பிடாம இருந்துடாதே.

சுகுமாரன்


சிடாம் கிரி
2.3.2025

ஏங்க,

போனை அடைச்சு வச்சிட்டுக் கடுதாசியா? நல்லா இருக்குலா உங்க நியாயம்! படிச்சு அழுதேன், அப்புறம் உங்க தட்டைத் தூக்கிப் போட்டு உடைச்சேன்.

லீவு போட்டு ரிசல்ட்டோட டாக்டரம்மாகிட்ட போனேன். எண்ணிக்கை நல்லா இருக்காம். வடிவமும் சரிதானாம். ஓட்டம் மட்டும் கம்மி. "எத்தனை நாள் ஒதுங்கி இருந்துட்டுக் கொடுத்தார்?"னு கேட்டாங்க. பிள்ளை வரம் கேட்டுக் காவடி எடுத்தார், நாப்பத்தெட்டு நாளும் தனிப் பாயில படுத்தார், தைப்பூசம் முடிஞ்சு, விரதம் முடிக்கிற இடும்பன் பூசை போட்ட மறுநாள் காலையிலேயே கொண்டாந்து கொடுத்தார்னு சொன்னேன். அவங்க பேனாவைக் கீழ வச்சிட்டாங்க.

ரெண்டு நாளுக்குக் கொறையாம, ஏழு நாளுக்கு மேல போகாம இருக்கணுமாம். நர்சு "ஒதுங்கி இருந்தீங்களா?"ன்னப்போ நெஞ்சை நிமித்திக்கிட்டு "இருந்தேன்"னீங்களே, எத்தனை நாள்னு அவளும் கேக்கல. ரொம்ப நாள் தங்கிப் போனா ஓட்டம் கொறையுமாம். பிள்ளைக்கு இருந்த விரதமே டெஸ்ட்டைக் கெடுத்திருக்கும் போல. ஐயோ முருகா! பஸ்ஸுல சிரிச்சுச் சிரிச்சு, பக்கத்துல இருந்த மலாய்க்காரம்மா தண்ணி போத்தலை நீட்டுச்சு.

நாப்பது ஒண்ணும் பாஸ் மார்க் இல்லியாம். அதுக்குக் கீழ உள்ளவங்களும் அப்பா ஆகுறாங்களாம். ஒரே டெஸ்ட்டை வச்சு முடிவு கட்டக் கூடாது, மறுபடி சரியா நாள் பார்த்துக் கொடுக்கணும்னாங்க. அப்பவும் கம்மியா வரலாம், அதையும் மறைக்காம சொல்லிட்டாங்க. ஆனா ஒதுங்கி இருக்கணும்னா மொதல்ல ஒண்ணா இருக்கணும், புரியுதா? வெக்கத்தை விட்டு நானே எழுத வேண்டியிருக்கு.

அந்தப் பொண்ணு எனக்கும் கனவுல வந்துச்சு. முடியெல்லாம் பனி. அப்பா லாரியை நிறுத்தவே மாட்டேங்குறாருன்னு மொணகுச்சு.

காவடியில நீங்க பிள்ளை கேட்டீங்க. வெறுங்காலோட பின்னாலயே நடந்து வந்தேனே, நான் என்ன கேட்டேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? இந்த மனுசன் நல்லபடியா வீடு வந்து சேரணும்னு கேட்டேன். இன்னும் வந்து சேரல.

கோபம் ஆறாத
சுந்தரி


பண்டார் பாரு
6.3.2025

சுந்தரி,

லாரியை ஓரங்கட்டிட்டுப் படிச்சேன். பின்னால வந்தவன் ஹார்ன் அடிச்சு ஏசிட்டுப் போனான். போகட்டும்.

கையெழுத்துப் போடுறேன்னு எழுதினேன் பாரு, அந்தக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடு. அடுத்த ரிசல்ட் எப்படி வந்தாலும் ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து பார்ப்போம். எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீ பக்கத்துல இரு.

போனைத் திறந்துட்டேன். ஏசுறதா இருந்தாலும் கூப்பிடு.

இன்னிக்குப் பனியில அந்தப் பொண்ணு வரல. பக்கத்து சீட்டுல என் துணிப்பைதான் இருக்கு. அடுத்த வாரம் சனிக்கிழமைக்கு மீன் வாங்கி வை. பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்து சேர்ந்துடுவேன்.

உன்
சுகுமாரன்