திரைக்கு அந்தப் பக்கம்

நேற்று மகள் வீடியோ காலில் கூப்பிட்டாள். போனின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் என் முகம். முதுகுக்குப் பின்னால் மளிகைக்கடைக் காலண்டர், எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது. அவள் பேரனின் காய்ச்சலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, நான் அந்தக் காலண்டரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, கேக்கிறீங்களா?" என்று அதட்டினாள். திரும்பிய தமிழை மளமளவென்று படிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். போனை வைத்த பிறகும் உன் நினைப்பு விடவில்லை. படிக்க நீ இல்லை என்று தெரிந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மன்றத்தின் அரங்கத்துக்குக் கூரை கிடையாது. மேடை, அதன்மேல் ஒரு துணித் திரை, எதிரே இரும்பு நாற்காலிகள், அவ்வளவுதான். படத்தைத் தேர்ந்தெடுப்பது, மின்சார ரயிலில் ரீல் பெட்டியைத் தூக்கி வருவது, திரை கட்டுவது, தூறல் விழுந்தால் ஓடிப்போய் அவிழ்ப்பது எல்லாமே ஷிப்ட் முடித்து வந்த உறுப்பினர்களின் வேலை. ஒரு சனிக்கிழமை சினிமா என்றால் இன்னொரு சனிக்கிழமை எங்கள் நாடகம். திருநெல்வேலிக்காரனான நானும், வேலூர்க்காரரும், சேலத்துக்காரரும் ஒரே மேடையில் ஆளுக்கொரு தமிழில் வசனம் பேசுவோம். ராஜா ஒரு ஊர், ராணி ஒரு ஊர்.

நாற்காலி உறுப்பினர் குடும்பங்களுக்கு மட்டும். மேடைக்குப் பின்னால் கம்பிவேலி, அதற்கப்பால் புல்தரை. அண்ணனூர்ப் பக்கத்து ஜனங்கள் அங்கே சாக்கு விரித்து, துணியின் மறுபுறம் தெரிகிற அதே படத்தைப் பார்ப்பார்கள். கொட்டகைக்குப் போகிற வழக்கமே உங்கள் வீட்டில் இல்லை. சின்ன வயதிலிருந்து நீ பார்த்த சினிமா எல்லாம் அந்தப் பக்கத்துச் சினிமாதான்.

ஒருமுறை எங்கள் நாடகத்து இன்ஸ்பெக்டருக்கு நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள். யார் நடிப்பது என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது வேலிக்கு வெளியிலிருந்து ஒரு குரல் அந்த வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு பேசியது. பாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு வீடு திரும்புகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, ஒத்திகை முழுவதையும் நின்று கேட்டிருக்கிறாய். மன்றச் செயலாளர் உன்னை உள்ளே கூப்பிட்டார். வந்ததும் வராததுமாக நீ ஒரு நிபந்தனை போட்டாய். "நடிக்கிறேன் சார். ஆனா ஒண்ணு, அடுத்த படத்துக்கு எங்க ஊட்டுக்காரி ஒரு தபா சேர்ல குந்திப் பாக்கணும். கண்ணாலம் ஆனதுலேர்ந்து கேட்டுகினே கீது." செயலாளர் சிரித்துக்கொண்டே, நாடகம் நல்லபடியாக முடிந்தால் பாஸ் தருகிறேன் என்றார்.

அன்றிலிருந்து நீ எனக்குத் தோழன். என்னை 'மாமே' என்று கூப்பிட ஆரம்பித்தாய். ஊரில் அந்த வார்த்தைக்கு எனக்கு வேறு அர்த்தம். முதல் நாள் முறைத்தேன், மறுநாள் அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒத்திகையில் யாரும் சல்யூட் அடித்துப் பார்த்ததில்லை. 'இங்கே சல்யூட்' என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவோம். நாடகத்தன்று நான் உயரதிகாரி வேஷத்தில் நுழைந்தேன். நீ பூட்ஸ் காலைப் படாரென்று சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, இடது கையால் சல்யூட் வைத்தாய்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பட்டாளத்தைப் பார்த்தவர்கள். குபீரென்று சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று உனக்குப் புரியவில்லை. ஏற்றிய கை அப்படியே நிற்க, உன் கண் மட்டும் ஓரமாக, நாடகம் பார்க்க வந்து நின்ற உன் மனைவியைத் தேடியது. எனக்கு என்ன தோன்றியதோ, நானும் இடது கையைத் தூக்கிப் பதில் சல்யூட் வைத்தேன். சிரிப்பு குழம்பி அடங்கியது. இதுதான் கதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நாடகம் நகர்ந்தது.

உள்ளே வந்ததும் செயலாளர் கொதித்தார். "என்னய்யா சல்யூட் இது? எவன்யா இடது கையில வைப்பான்?"

"சினிமாவுல எல்லாரும் அப்டித்தான சார் வெக்கிறாங்க?" என்றாய் நீ.

அவர் திரும்பி வேலிக்கு அப்பால் இருந்த புல்தரையைப் பார்த்தார். புரிந்ததும் அங்கிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். நீ என் காதில், "பாஸ் போச்சு மாமே," என்றாய். போகவில்லை. அடுத்த சனிக்கிழமை உன் மனைவிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

அவள் பாதிப் படம்தான் அங்கே பார்த்தாள். இடைவேளையில் உன் சட்டையை இழுத்து, "இன்னாய்யா, எல்லாம் ஏறுமாறா காட்றாங்க? வா, நம்ம பக்கமே போலாம்," என்றாள். உனக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு நீயே சிரித்துவிட்டாய். மூன்று பேருமாக வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சாக்கில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு மன்றத்துப் படம் எதையும் நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

கேபிள் டிவி வீடு வீடாக வந்ததும் சனிக்கிழமைகள் ஓய்ந்தன. திரையைக் கழற்றினார்கள், நாற்காலிகள் கல்யாணங்களுக்குப் போய்த் திரும்பாமலே கரைந்தன. நீயும் போன மழைக்காலத்தில் போய்விட்டாய். எத்தனை பேரோடு பேசினாலும், 'மாமே' என்று கூப்பிட ஆளில்லாத வெறுமை எனக்குப் பெரிதாக இருக்கிறது.

காரியம் முடிந்து உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மனைவி தேநீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில் அந்த நாடகம் வந்தது. உன் தவறை நீ அவளிடம் என்றைக்கோ சொல்லியிருப்பாய் என்று நினைத்திருந்தேன். "அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாங்களே அண்ணா, எனக்கு உசுரே போச்சு," என்றாள். "நீங்களும் அதே கையத் தூக்கினீங்க பாருங்க, அப்பாலதான் மூச்சு வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு சரியாத்தான் செஞ்சுகீறாரு, சிரிச்சவங்களுக்குத்தான் தெரியலன்னு."

அப்படியானால் நீ அவளிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. "ஆமாம்மா, சரியாத்தான் செஞ்சான்," என்றேன். இதை உன்னிடம் வந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. வாசல்வரை வந்துவிட்டேன், அப்புறம்தான் நீ இல்லை என்பது உறைத்தது.