மூணாவது தண்ணி

மல்லாங்கிணறு
24.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அங்கே சுகமாக இருந்தால் சரி, நான் இல்லை. தாடை ஆபரேஷனுக்குப் பிறகு பல்லைக் கம்பியால் கட்டியிருப்பதால் பேச முடியவில்லை. போனையும் அத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்மை கண்ட உடம்புக்கு வெளிச்சம் ஆகாதாம். லோடு லாரி அய்யப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இடது தாடை வீங்கிக் காய்ச்சல் வந்ததும், பொன்னுக்கு வீங்கி, புட்டாலம்மை என்று அத்தை வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள். ஆன்டிபயாட்டிக் சிரப்பையும் நிறுத்திவிட்டார்கள். “அம்மன் வந்திருக்கையில மருந்து குடிச்சா குடும்பத்தையே அழிச்சுருவாடி” என்கிறார்கள். இது அம்மை இல்லை மாமா, தையலில் சீழ் வடிகிறது. கிருமி எலும்புக்குள் இறங்கினால் ஆபத்து, ஒரு வேளைகூட விடாதே என்று டாக்டர் சொன்னார். அத்தையிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் கற்பகவல்லி

நாக்பூர்
29.8.2025

அன்பு கற்பகம்,

கஞ்சியாவது ஒழுங்காகக் குடிக்கிறாயா? இங்கே சீசன், மூச்சுவிட நேரமில்லை. அம்மாவிடம் பேசினேன். அம்மை இறங்கித் தலைக்கு மூணாவது தண்ணி ஊற்றும் வரை மருந்து வேண்டாம். பட்டாசு வியாபாரம் பண்ணுகிறவன் அம்மனோடு விளையாட முடியுமா? தங்கச் சங்கிலியைக் கழுத்திலேயே போட்டிரு, வீக்கம் வற்றும்.

துருத்திய தாடையோடு உன்னைப் பெண்டாட்டி என்று கல்யாண வீடுகளுக்குக் கூட்டிப்போய் நான் பட்டது போதும். ஆபரேஷனில் சரிபண்ணியதையும் அழுது கெடுத்துக்கொள்ளாதே.

பால்பாண்டி

மதுரை ஆஸ்பத்திரி
9.9.2025

மாமா,

மயங்கி விழுந்த பிறகுதான் அத்தை வண்டி பிடித்தார்கள். எலும்பு அழுகி, இடது தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் முகம் குழிந்துவிட்டது.

மருந்து ஏன் நின்றது என்று டாக்டர் கேட்டார். “கசக்குதுன்னு இவதான் துப்பிட்டா” என்று அத்தை என் கண் முன்னாலேயே சொன்னார்கள். எழுதிக் காட்ட நான் பேனாவுக்குக் கை நீட்டினேன். அத்தை கையைப் பிடித்துத் தடவிக்கொண்டே இருந்தார்கள். டாக்டர் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.

கற்பகவல்லி

நாக்பூர்
17.9.2025

கற்பகம்,

அம்மா போட்டோ அனுப்பினார்கள், பார்த்தேன். தீபாவளி முடியாமல் வர முடியாது. யார் கேட்டாலும் நீதான் துப்பியதாகச் சொல்லிவிடு. சொன்னால் நம் வீட்டிலேயே இருக்கலாம், அம்மாவுக்கும் ஒத்தாசையாக இருக்கும். கல்யாண வீடுகளுக்கு இனி நான் தனியாகப் போய்க்கொள்கிறேன்.

பால்பாண்டி

ஆனைக்குட்டம்
25.9.2025

பால்பாண்டிக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா கஞ்சி ஊட்டுகிறாள், பாதி வழிகிறது, துடைத்துவிட்டு மறுபடி ஊட்டுகிறாள். யார் மருந்தை நிறுத்தியது, யார் சரி என்றது, இரண்டையும் டாக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பொய்யை நான் சொல்ல மாட்டேன்.

என்னைக் கூப்பிட இங்கே வராதீர்கள். வந்தால் அப்பா கை வைத்துவிடுவார். நான் தடுக்க மாட்டேன்.

கற்பகவல்லி