தோட்டத்து ஆஸ்பத்திரியின் கூரை

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே மழை. கார் வைப்பர் பாதியில் நின்றுவிட்டது. பாரோயிலிருந்து கோலா கிளாவாங் மலைப்பாதை முழுக்கக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்காரி கமலாவிடம் சொல்லக் கூடாது.

மூடிக் கிடக்கும் பழைய ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டின் கூரையில் பாதி ஓடுகளைக் காணோம். காற்று அடித்துக்கொண்டு போகவில்லை. தோட்டத்தை வாங்கிய கம்பெனிக்காரன்கள் கழற்றிச் சுவரோரம் அழகாக அடுக்கி வைத்திருக்கிறான்கள். மழை நேராக உள்ளே. இந்தப் பருவம் முழுக்க நனைந்தால் சுண்ணாம்புச் சாந்து கரைந்து சுவர் தானாக உட்கார்ந்துவிடும். பிறகு 'ஆபத்தான கட்டடம்' என்று எழுதி இடிக்கலாம். அயோக்கியப் பயல்கள்.

மேட்டில் துரை பங்களா மட்டும் புதுப் பெயிண்டில் பளபளப்பு. கம்பெனியின் ரிசார்ட்டாம். துரை விஸ்கி குடித்த இடம் பாரம்பரியம். பால்மரம் வெட்டியவர்கள் பிள்ளை பெற்றதும் செத்ததும் குப்பை.

எல்லைக் காட்டில் கண்ணிவெடி எடுத்த நாளில் எதிரி யார் என்றாவது தெரிந்திருந்தது. இடது காது அங்கேயே போயிற்று. ராணுவத்தை விட்டுக் கட்டடக்கலை படிக்கப் போனதே, சிதறியது போதும், இனி நிற்பதைக் காப்பாற்றுவோம் என்றுதான். அன்றிலிருந்து இதே சண்டை.

வாங்க வேண்டியது: தார்ப்பாய், நைலான் கயிறு, வைப்பர்.

5, புதன்

சிரம்பான். வீடமைப்புக் கம்பெனி ஆபீஸ். குளிர் தாங்கவில்லை. திட்ட மேலாளர் தினேஷ், நம் தமிழ்ப் பையன்தான்.

"ரிலேக்ஸ் லா அங்கிள். ஓடு லூஸா இருந்துச்சு. யார் தலைலயாவது விழுந்தா?"

"ஆளே இல்லாத எடத்துல யார் தலைடா?"

"நீங்க வார் ஹீரோ. ரிசார்ட் ஓப்பனிங்குக்கு உங்களத்தான் ரிப்பன் வெட்டக் கூப்பிடப் போறோம்."

மேசையில் அடித்தேன். அவன் காப்பி கவிழ்ந்தது. நல்லது.

லிஃப்ட்வரை வந்து சொன்னான்: "தோட்டத்து ஆளுங்களே இடிக்கச் சொல்றாங்க. போய்க் கேளுங்க."

பச்சைப் பொய்.

7, வெள்ளி

பொய் இல்லை.

தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பழைய தொழிலாளர்கள் கூட்டம். அவர்கள் சங்கத் தலைவி லெட்சுமி, பால்மரம் வெட்டியவர், இன்னமும் லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். எழுந்து நின்று சொன்னார்:

"கேப்டன் சார், அத ஒடச்சாத்தான் எங்களுக்கு வீடாம். அந்த எடத்துலதான் கட்டப் போறானாம். லயம் எப்படி ஒழுகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சரித்திரம் என்று ஆரம்பித்தேன். விடவில்லை.

"நீங்க ஆபீஸ்ல கணக்கு எழுதுன கிராணி ஐயா மகன். அந்த வார்டுல ஒருநாளு படுத்திருக்கீங்களா? உங்க வீட்டுல காய்ச்சல்னா சிரம்பானுக்குல்ல காரு போகும். என் மொதப் புள்ள அங்கதான் செத்துச்சு. அது எங்களுக்கு வேணாம் லா."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வெளியே வரும்போது கத்தினேன்: "ஏமாத்துறான், இதுகூடவா புரியல?" ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் அவர்மேல் கோபம். வீடு வருவதற்குள் என்மேல். மாதக்கணக்கில் சுவரை அளந்தவன் அங்கே பிறந்த ஒரு மனுஷியிடம் பேசவில்லை.

கமலா: "கத்தினா யாரு கேப்பாங்க?"

கீரை நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

9, ஞாயிறு

வெயில். நேற்று லெட்சுமிக்குப் போன் போட்டேன். "ஒரு தடவ வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி." இன்று மருமகன் வேனில் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சுங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனேன், சுவர் அளக்க வந்த நாளில் நான் பார்த்துவைத்த இடம். சதுப்பு. கணுக்கால்வரை சேறு. அங்கேதான் வீட்டு மனைகளுக்கான அளவுக்கட்டைகள், சிவப்புச் சாயத்தில் எண்கள். லெட்சுமி குனிந்து ஒரு கட்டையைத் துடைத்தார்.

"இது என் வீட்டு நம்பரு. கம்பெனி குடுத்த நம்பரு."

ஆஸ்பத்திரியைச் சுற்றி நின்ற கட்டைகளில் வேறு எழுத்து. கார் பார்க்கிங்.

"பங்களாவுக்கு வர்றவன் காரு நிறுத்தவா எங்கிட்ட பொய் சொன்னான்?"

செருப்பைக் கையில் பிடித்தபடி வார்டுக்குள் போனார். நான் வெளியே நின்றேன். நேரம் ஆயிற்று. வந்ததும் என்னிடம்தான் பாய்ந்தார்: "இத ஏன் மொதல்லயே எங்களுக்குக் காட்டல?"

வேன்வரை அவர் பின்னால் நடந்தேன்.

10, திங்கள்

மண்வாரி இயந்திரம் வந்துவிட்டது. தினேஷ் வேலையில் கெட்டிக்காரன்.

வார்டு வராந்தாவில் பெண்கள் வரிசையாக. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், பிளாஸ்க், ஒரு குடை. இயந்திரம் ஓட்டிய வங்காளதேசத்து ஆள் ஒருமுறை பார்த்தான், எஞ்சினை அணைத்துவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டான். அவன் ஒருத்தன்தான் மனிதன்.

"போலீஸ கூப்பிடுவேன் அங்கிள்."

நான் வாய் திறப்பதற்குள் லெட்சுமி: "கூப்புடு. எங்க வீட்டு நம்பர் கட்ட ஏன் சேத்துல நிக்குதுன்னு அவங்களுக்கும் காட்டுறேன்."

யாரோ எடுத்த வீடியோ மதியத்துக்குள் எல்லார் போனிலும். மாவட்ட மன்ற அதிகாரி ஓடி வந்து வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவைக் கதவில் ஒட்டினார். கம்பெனிக்காரன்களுக்கு முகம் செத்துப்போயிற்று.

பிறகு தார்ப்பாய் கட்டினோம். நானே ஏறினேன். முட்டி உயிர் போகிறது.

13, வியாழன்

மாவட்ட மன்றத்தில் கூட்டம். அதிகாரி அம்மா மலாயில் பொறுமையாகச் சொன்னார்: சும்மா பூட்டிவைப்பதற்காக இடிக்கத் தடை தர முடியாது, என்ன பயன்பாடு என்று சொல்லுங்கள். அருங்காட்சியகம் என்றேன். வரைபடமெல்லாம் தயாராக இருந்தது.

லெட்சுமி எழுந்தார். "மியூசியம் யாருக்கு? வாரத்துக்கு மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்ணச் சிரம்பானுக்கு பஸ் மாறிப் போறோம். பாதிப் பேருக்கு இனிப்புநீரு வியாதி, கிட்னி போச்சு. டயாலிசிஸ் போடுங்க."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். எழுதியேவிட்டார்!

டயாலிசிஸ் என்றால் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், சுத்திகரிப்பு இயந்திரம், ஏசி. எல்லாம் சுவரைத் துளைத்துக்கொண்டு. நடைவழியில் லெட்சுமியோடு சண்டை.

"சுவரு முக்கியமா, ஆளு முக்கியமா?"

"ரெண்டும்!"

"அப்ப வரைங்க!"

எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

வீட்டு மனைகளை மேட்டுக்கு மாற்றுவதுபற்றிக் கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை அதற்கும் கம்பெனி ஆபீசுக்குப் போகிறோம், எல்லாரும்.

மதியத்திலிருந்து வரைகிறேன். கழிவு தரைக்கடியில் போகும். தண்ணீர்த் தொட்டி வெளியே, சமையல்கட்டுக்குப் பின்னால். இயந்திரங்களுக்குச் சுவரில் நாலு துளை வேண்டுமாம். மூன்றுதான். நாலாவது துளைக்கு விடமாட்டேன்.